வாத்தியாரம்மா வந்த வழி

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும். கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. காலை நேரத்தில் மலைக்குப் போகும் பேருந்துக்காகத் தோளில் பையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாகப் பெண்கள் சிலர் காத்து நிற்பார்கள். மலையூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகும் ஆசிரியைகள்! கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் தோழர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? அன்றாடம் காணும் காட்சி!

அன்றாடக் காட்சியாகிவிட்ட இதுவே, ஒரு நூற்றாண்டுக்கு முன் அதிசயமாக, அதைவிட மோசமாக, அபசகுனமாகக் கருதப்பட்டது. அந்தக் காலத்தை மாற்றியவர்களில் ஓர் அம்மையாரின் வாழ்க்கையை இன்று சொல்லப் போகிறேன். அவர் நம் இயக்கத்தவர் அல்லர். நம் மேடையில் ஏறியவரும் அல்லர். மயிலாப்பூரில், பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்டவரைப் பற்றி நம் ஏட்டில் ஏன் என்று புருவம் நெரிக்கும் தோழருக்கு ஒன்று சொல்வேன்: முழுக்கதையையும் கேளுங்கள், பிறகு நெரியுங்கள்!

1911-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்த நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர். சரசுவதியைக் கல்விக்குத் தெய்வமாக்கி, வீணையைக் கையில் கொடுத்து, ஆண்டுக்கு ஒருநாள் பூசையும் போட்ட நாட்டில் நூற்றுக்கு ஒருவர்! பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாதா என்று கேட்டால், ஆண் வாத்தியாரிடமா அனுப்புவது என்று சீறினார்கள். சரி, பெண் வாத்தியாரை வைப்போம் என்றால், படித்த பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள். படித்த பெண் வேண்டுமென்றால் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பித்தானே ஆகவேண்டும் என்றால், மறுபடியும் ஆண் வாத்தியாரிடமா என்று தொடங்கினார்கள். செக்குமாடு சுற்றியது. எண்ணெய் மட்டும் வரவில்லை!

தொடக்கப் பள்ளியிலாவது எப்படியோ ஒப்பேற்றலாம். ஐந்து வயதுச் சிறுமிக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்க ஒரு கிழவர் போதும் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். உயர்நிலைப் பள்ளி வேறு விவகாரம். பத்து, பன்னிரண்டு வயதில் பெண்ணுக்குத் தாலி ஏறிவிடும். வயதுக்கு வந்த பெண் வகுப்பறையில் உட்காருவதா? அவளுக்கு ஓர் ஆண்மகன் கணக்குச் சொல்லிக் கொடுப்பதா? ஆகவே உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்த, பட்டம் பெற்றுப் பயிற்சியும் பெற்ற பெண்கள் வேண்டும். அவர்கள் இல்லை. கிறித்தவப் பெண்கள் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரால் 1895-லேயே கல்லூரி எழுந்துவிட்டது. பனையேறிக் குடும்பத்துப் பெண்கள்கூட ஆசிரியைகளாக அங்கே உருவாகினர். அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ஆனால் இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அந்த ஆசிரியைகளிடம் அனுப்பத் தயங்கின. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், தீட்டு என்ற திமிர் ஒரு பக்கம்.

இந்த முடிச்சை அவிழ்த்த கை, ஒரு கைம்பெண்ணின் கை.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார் ஆர். எஸ். சுப்பலட்சுமி. தஞ்சை மாவட்டத்து ரிஷியூர் அவர்களுடைய பூர்வீகம். தந்தை சுப்பிரமணிய அய்யர் பொறியியல் படித்து அரசுப் பணியில் இருந்தவர். தாய் விசாலாட்சி. ஒன்பதாவது வயதில், நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினாள் அந்தச் சிறுமி. மாவட்டத்திலேயே முதல்! அப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்தார்கள்? மேலே படிக்கவா வைத்தார்கள்? குலவழக்கப்படி கல்யாணம் செய்து வைத்தார்கள். பொம்மைக்கு உடுத்தி விளையாட வேண்டிய வயதில் அவளையே பொம்மையாக்கி மணையில் உட்கார வைத்தார்கள். சில நாளில் மாப்பிள்ளைப் பையன் இறந்தான். கணவன் முகம் மனத்தில் பதியுமுன்பே கைம்பெண் என்ற பட்டம் வந்து பதிந்தது.

அந்தப் பட்டத்துக்கு என்ன பொருள் என்பதை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இளைய தோழர்களுக்காகச் சொல்கிறேன். தலையை மழிப்பார்கள். நார்மடி கட்டுவார்கள். ஒருவேளைச் சோறு. அடுக்களையின் இருட்டு மூலை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவன் எதிரில் அவள் வந்துவிட்டால், திரும்பிவந்து திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புறப்படுவான். பத்து வயதுக் குழந்தை எதிரில் வந்தாலும் அப்படித்தான்! இவ்வளவையும் செய்யச் சொன்னது சாத்திரம், செய்து முடித்தது சொந்தபந்தம்.

சுப்பலட்சுமியின் பெற்றோர் அங்கேதான் மாறி நின்றார்கள். மகளின் தலையை மழிக்க அவர்கள் ஒப்பவில்லை. மூலையில் தள்ளவும் ஒப்பவில்லை. தந்தை தாமே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மயிலாப்பூர் உறவினரின் வாய்க்குத் தப்பி எழும்பூரில் குடித்தனம். அங்கே கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியில் படிப்பு. வீட்டில் துணைக்கு வாலாம்பாள் என்ற சித்தி, தாயுடன் பிறந்தவர். அவரும் இளம் வயதில் கணவனை இழந்தவர்தான். அந்தச் சித்தியின் பெயரை ஏடுகள் அதிகம் பேசுவதில்லை. பிற்காலத்தில் அத்தனை பெண்களுக்கும் சோறு சமைத்துப் போட்டு, ஒரு விடுதியையே தோளில் தாங்கியவர் அவர். எந்த வரலாற்றிலும் அடுப்படியில் நின்றவர் பெயர் அடியில்தான் கிடக்கிறது!

பள்ளிப் படிப்பு முடிந்து மாநிலக் கல்லூரி. ஆண்கள் நிறைந்த கல்லூரியில் ஒரு கைம்பெண். தெருவில் ஏசியவர்கள் உண்டு, சாதிக் கட்டுப்பாடு செய்வோம் என்று மிரட்டியவர்கள் உண்டு. 1911 ஏப்ரலில் முதல் வகுப்பில் தேறி வெளியே வந்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்! அதே 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த இன்னொரு பெண்ணும் அப்போது சென்னையில்தான் படித்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு, 1912-இல், அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். டாக்டர் முத்துலட்சுமிதான் அவர். தேவதாசி முறையின் வேரில் வெந்நீர் ஊற்றியவர். ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவர் பொட்டுக்கட்டும் கொடுமையை நேரில் அறிந்த குடும்பத்துப் பெண். மற்றவர் பொட்டழிக்கும் கொடுமையை நேரில் அறிந்தவர். வைதீகம் பெண்ணுக்கு வைத்திருந்த இரண்டு படுகுழிகளிலிருந்தும் ஒரே காலத்தில் இரண்டு பேர் ஏறிவந்தார்கள்.

பட்டம் பெற்ற சுப்பலட்சுமி என்ன செய்தார் என்பதில்தான் நம் கதை இருக்கிறது. அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்தவர் மிஸ் லிஞ்ச் என்ற வெள்ளைக்கார அம்மையார். பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லையே என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம், மூலையில் முடங்கிய சிறுவயதுக் கைம்பெண்களுக்கு ஒரு வாழ்வு வேண்டுமே என்று சுப்பலட்சுமி தவித்தார். இரண்டு தவிப்பும் சந்தித்தன. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மணமான பெண்ணைப் படிக்க மாமியார் விடமாட்டாள். மணமாகாத பெரிய பெண் என்று ஒருத்தி அந்தக் குலத்தில் இருக்கவே முடியாது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்து, பயிற்சி பெற்று, வேலைக்கும் போகக்கூடிய பெண் யார்? யாருக்கும் வேண்டாதவள் என்று ஊர் ஒதுக்கிவிட்ட கைம்பெண் ஒருத்திதான்! சனாதனம் குப்பையில் எறிந்ததைக் குனிந்து எடுத்து, அதைக்கொண்டே சனாதனத்தின் கதவை உடைத்தார் அந்த அம்மையார். அவர் கோபமாக ஒரு சொற்பொழிவு செய்ததாகத் தெரியவில்லை. காரியம் நடந்தது.

1912-இல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு சிறுமிகளோடு ஓர் இல்லம். நான்கே பேர்! நால்வரும் கைம்பெண்கள். அரசினர் உதவிக்கு வந்தார்கள். எண்ணிக்கை பெருகியது, வீடு போதவில்லை. கடைசியில் கிடைத்தது கடற்கரையோரம் இருந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியை வெள்ளைக்காரத் துரைமார்கள் குடிக்கும் பானத்துக்காகச் சேர்த்துவைக்க 1842-இல் கட்டிய வட்டக் கட்டடம். விவேகானந்தர் 1897-இல் வந்து தங்கியதும் அங்கேதான். பனிக்கட்டி உருகிப்போன அந்தக் கூடத்தில் கைம்பெண் சிறுமிகள் பாய் விரித்துப் படித்தார்கள். அவர்கள் வரிசையாகத் திருவல்லிக்கேணித் தெருவில் நடந்து போனால், காலையில் இந்த முகங்களிலா விழிப்பது என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். முணுமுணுத்தவர்களின் பேத்திகள் பிறகு அந்தச் சிறுமிகளிடமே பாடம் படித்தார்கள்!

சகோதரி என்றே எல்லோரும் அவரை அழைத்தார்கள். அவர் அந்தப் பெண்களோடேயே தங்கினார். உண்ணும்போதும் உறங்கும்போதும் கூடவே. பெண்பிள்ளையை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் விட்டுவைக்கத் தாய்தகப்பன் துணிய வேண்டுமானால், அங்கே இரவிலும் ஒரு பெண் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலைக்கு வரும்போது இது தேவைப்படும்.

அடுத்தது பயிற்சி. உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க வெறும் பி.ஏ. போதாது, எல்.டி. என்ற பயிற்சிப் பட்டமும் வேண்டும். 1922-இல் பெண்களுக்கென்றே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி பிறந்தது. முதல் முதல்வர் சுப்பலட்சுமி. யார் ஆட்சிக் காலம் அது? நீதிக்கட்சியின் ஆட்சிக் காலம்! நம் தென்னார்க்காட்டுக் கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் 1920-இல் முதல் அமைச்சராகத் தொடங்கிவைத்து, பானகல் அரசர் தொடர்ந்து நடத்திய ஆட்சி. பெண்ணுக்கு ஓட்டுரிமை கொடுக்க 1921-இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் செய்ததும் அந்த ஆட்சியில்தான்.

இப்போது நம் தோழர் புருவத்தை நெரிக்கலாம். நெரிக்க வேண்டிய இடமும் இதுதான். ஐஸ் ஹவுஸ் இல்லத்துக்குப் பெயர் என்ன? பிராமண விதவைகள் இல்லம். பொதுப் பணத்தில், ஒரு குலத்துப் பெண்களுக்கு மட்டும்! கணவனை இழந்தவள் அக்ரகாரத்தில் மட்டுமா இருந்தாள்? சேரியில் இல்லையா? செக்கடியில், தறிமேடையில், களத்துமேட்டில் இல்லையா? மற்றச் சாதியோடு உட்கார வைத்தால் பெற்றோர் அனுப்பமாட்டார்கள், வைதீகர்கள் இல்லத்தையே முடக்கிவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். காரணம் உண்மைதான். ஆனால் அந்தக் காரணத்துக்கு அரசுப் பணம் தலைவணங்கியது நியாயமாகிவிடாது. படித்து வெளியேறி வேலையில் அமர்ந்தவர்களில் ஒரு குலத்தின் முகமே மிகுதியாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு விதை.

மறுமணக் கொடியையும் அவர் தூக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், ஈரோட்டில் பெரியார், தம் உடன்பிறந்தாளின் மகள் குழந்தைப் பருவத்திலேயே தாலியறுத்ததைக் கண்டு கொதித்து, ஊர் எதிர்த்தும் உறவு பகைத்தும் அந்தப் பெண்ணுக்கு மறுமணம் செய்துவைத்தார். ஈரோட்டுப் பாதை, முரசொலித்து நேரே நடப்பது. சென்னைப் பாதை, சந்தடியின்றிச் சுற்றி வளைப்பது. நான் ஈரோட்டுப் பாதையில் வந்தவன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றிவந்தவரும் ஊர்போய்ச் சேர்ந்தார் என்பதை மறுப்பது பகுத்தறிவாகாது.

அந்த அம்மையாருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஐஸ் ஹவுசுக்கு எதிரே கடற்கரைக் குப்பத்தில் மீனவர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். இல்லத்தில் சேர வயது கடந்துவிட்ட பெண்கள் வந்து நின்றபோது, அவர்கள் திரும்பிப் போகக் கூடாதென்று சாரதா வித்தியாலயம் எழுந்தது. வெலிங்டன் கல்லூரி அரசுக் கல்லூரி, அங்கே ஒரு குலத்துக்கு மட்டும் என்ற பூட்டுக் கிடையாது. குழந்தை மணத்தை ஒழிக்கும் சட்டத்துக்காக ஜோஷி குழு விசாரணை நடத்தியபோது அதன்முன் சாட்சியம் சொன்னார். பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று விதித்த சட்டம் 1930-இல் நடைமுறைக்கு வந்தது. சிறுவயதில் தன்னை மணையில் வைத்த வழக்கத்துக்கு எதிராகத் தானே சாட்சி!

அவர் சுற்றுவழியில் ஒரு குலத்துக்குத் திறந்த கதவை, எல்லோருக்கும் அகலத் திறக்கச் சொன்னது எது? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு! பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று அங்கே தீர்மானித்ததைப் பலரும் சொல்வார்கள். தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும் என்றும் அதே மாநாடு தீர்மானித்தது. அதைச் சொல்பவர் குறைவு. எந்தச் சாதிப் பெண் என்று அந்தத் தீர்மானம் கேட்கவில்லை. ஒன்பது வயதில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த சிறுமியின் செங்கற்பட்டு அது என்பது காலம் செய்த வேடிக்கை.

அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், கலைஞர் ஆட்சியில் இரண்டும் சட்டமாகவும் ஆணையாகவும் வந்தன. சொத்தில் மகளுக்குச் சம உரிமை. அரசுப் பணியில் பெண்களுக்கு நூற்றுக்கு 30 இடம். அந்த 30, 40 ஆகும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படிக்கத் திங்கள்தோறும் 1000 ரூபாய் தரும் திட்டமாக உருமாறியது. தாலிக்குத் தந்த பணம் படிப்புக்கு! இந்த மாற்றத்தைக் காணச் சுப்பலட்சுமி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இன்று இந்தியப் பள்ளி ஆசிரியர்களில் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அதனினும் மிகுதி. இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாமா? கூடாது, தோழர்களே! கீழ்வகுப்பில் பெண்கள் நிறைய, மேல்வகுப்புக்குப் போகப் போகக் குறைவு. நாடு முழுவதும் இந்த ஏணி இப்படித்தான் சாய்ந்து நிற்கிறது. அ, ஆ சொல்லித்தரப் பெண், இயற்பியல் சொல்லித்தர ஆண் என்ற பழைய பங்கீடு இன்னும் முழுதாகச் சாகவில்லை.

கல்வராயன் மலைக்கு வருவோம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. அந்தப் பள்ளிகளில் ஆசிரியரே விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் சுமக்கும் முறை உண்டு. பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியில் இரவில் பொறுப்பாக யார் இருப்பது? ஆசிரியையாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த ஆசிரியை இரவில் தங்க, தாழ்ப்பாள் உள்ள வீடு உண்டா? தண்ணீர் உண்டா? கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இறங்கிவர வண்டி உண்டா? இவை இல்லையென்றால் அவர் மாலைப் பேருந்தில் இறங்கத்தான் செய்வார், இடமாற்றம் கேட்டு மனுப் போடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் இறங்கிப் போனால், வயதுக்கு வந்த மகளை விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டு தகப்பனும் போவான். அவள் எட்டாவதோடு நிற்பாள். நாளை மலைக்கு ஆசிரியையாக வரவேண்டியவளும் அவள்தான்! 1912-இல் எழும்பூரில் சுற்றிய அதே செக்கு, மலைமேல் இன்னும் சுற்றுகிறது.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. மாவட்டத் தலைநகர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கிளைக் கழகத் தோழர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நீளமானவை அல்ல. மலைமேல் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியைகள் எத்தனை பேர்? அவர்கள் தங்கக் குடியிருப்பு எத்தனை? மலையிலேயே பிறந்த பெண்கள் எத்தனை பேர் பி.எட். முடித்து வேலைக்காகக் காத்திருக்கிறார்கள்? மூன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். நம் அரசு இருந்தாலும் கொடுங்கள், இல்லாவிட்டாலும் கொடுங்கள்.

சுப்பலட்சுமி அம்மையாரின் மிச்சக் கதை சுருக்கமானது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. 1942-இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். ஒரு காலத்தில் தம்மைத் தூற்றிய அதே மயிலாப்பூரில்! 1952 முதல் 1956 வரை சென்னை மேலவையில் நியமன உறுப்பினர். 1954-இல் தாம்பரத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி அமையத் துணைநின்றார். 1956-இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர். 1958-இல் பத்மஸ்ரீ விருது. எழுபது வயதிலும் பள்ளிக்கூடம் கட்டுவதை அவர் விடவில்லை.

1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் மறைந்தார். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. லேடி வெலிங்டன் கல்லூரி, கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் என்று பெயர் நீண்டு, அதே கடற்கரைச் சாலையில், காமராசர் பெயர் தாங்கிய சாலையில் இருக்கிறது. அங்கே இன்றும் பெண்கள் ஆசிரியர் ஆவதற்குப் படிக்கிறார்கள். சேர விண்ணப்பம் போட எந்தக் குலம் என்று கேட்கிறார்கள். கதவை மூடுவதற்காகக் கேட்ட காலம் போய், இடஒதுக்கீட்டுப்படி இடம் கொடுப்பதற்காகக் கேட்கிறார்கள். பழங்குடியினருக்கும் அங்கே இடம் உண்டு. மலையூர்த் தோழர்கள் தங்கள் பெண்களிடம் இதைச் சொல்லிவைக்கவும்.